ஊறுகாய்க்கு வைத்தது

மொட்டை மாடியின் தகரக் கதவைத் தள்ளித் திறந்ததுமே தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்துவிட்டது. ஹேமா இன்றைக்கும் இந்தப் பக்கத்துக் கயிற்றில்தான் துணி போட்டிருக்கிறாள். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் இரண்டு கயிறு சும்மா கிடக்கிறது. அங்கே வெயிலும் உண்டு, காற்றும் உண்டு, யாருடைய செடியும் கிடையாது. ஆனாலும் இரண்டாவது மாடி ஹேமாவுக்கு இந்தக் கயிறுதான் வேண்டும், இவளுடைய காந்தாரி மிளகாய்ச் செடிகளின் தலைக்கு நேர் மேலே. ஒரு படுக்கை விரிப்பு, தலையணை உறைகள், குழந்தையின் சட்டைகள், ஓரத்தில் ஒரு நீலத் துண்டு. விரிப்பின் கீழ் விளிம்பிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு விழுகிற செடி வாளியில் மண் கறுத்து நடுவில் ஒரு குழி விழுந்திருந்தது. சோப்புத் தண்ணீர் என்று மனசு சொன்னது. குனிந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தாள். மல்லிகை வாசனை. துணியை அலசிய பிறகு கடைசியாக முக்கி எடுக்கிற அந்த வாசனைத் தண்ணீர். சோப்பைவிட அது செடிக்கு மோசமா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. மோசமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டாள். வாளியை நகர்த்தலாம். நகர்த்தினால் ஹேமா ஜெயித்ததாக ஆகிவிடும். துணியை நகர்த்தலாம். தொட்டால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள், துணியில் என்னவோ பண்ணிவிட்டாள் என்று. தொடக்கூட முடியாத துணிக்குக் கீழே தன் செடி நின்று நனைவதைப் பார்த்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி மறுபடியும் செருகினாள்.

காந்தாரி மற்ற மிளகாய் மாதிரி கிடையாது. மற்றதெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு காய்க்கும். இது சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமாக, வானத்தைப் பார்த்துக் குத்திட்டு நிற்கும். அவள் ஊரான தக்கலைப் பக்கம் இதை யாரும் நட்டு வளர்ப்பதில்லை. கொண்டைக்குருவி பழத்தைத் தின்னும், அதற்கு எரிப்பு தெரியாது. தின்றுவிட்டு எந்த வேலியிலாவது உட்கார்ந்து எச்சமிடும், அங்கே ஒரு செடி வரும். அப்படித் தானாக வருகிற காட்டுச் செடியைத் தாம்பரத்தில் ஒரு சிமெண்டுத் தளத்தில் பெயிண்ட் வாளிக்குள் நிறுத்துவதென்றால் குருவி செய்கிற வேலையையும் மழை செய்கிற வேலையையும் நாமே செய்ய வேண்டும். விதையைப் புளித்த மோரில் ஊறப்போட்டாள், குருவியின் வயிற்றுக்குப் பதிலாக. முளை வருகிறதா என்று தினமும் பார்த்துப் பார்த்து, வராது என்று கைவிட்ட பிறகுதான் வந்தது. வாளியின் அடியில் கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டாள். ஓட்டையின் மேல் உடைந்த ஓட்டுச் சில்லு, அதன் மேல் மணல், பிறகு செம்மண்ணும் தேங்காய் நாரும் மாட்டுச் சாணமும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, முதல் கணு வரைக்கும் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். கூடினால் வேர் அழுகிப் போகும். இதைத்தான் அவள் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைக்கிறாள். நாள் முழுக்கச் சொட்டுகிற தண்ணீர் கொல்லும். சோப்பு வேண்டாம், விஷம் வேண்டாம், வெறும் தண்ணீரே போதும். பார்க்கிறவர்களுக்குத் துணி காய்கிற மாதிரிதான் இருக்கும். கெட்டிக்காரி. இதையெல்லாம் யோசித்துத்தான் போட்டிருக்கிறாள். யோசித்திருக்கமாட்டாள், அவளுக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும் என்று மனசின் இன்னொரு மூலை சொன்னது. அந்த மூலையைத் தங்கபுஷ்பம் கண்டுகொள்ளவில்லை.

சொட்டு விழுகிற வாளிச் செடியின் கொழுந்து சுருண்டிருந்தது. போன வாரம் இல்லை. ஹேமா இந்தக் கயிற்றுக்கு வந்த பிறகுதான். இலை கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்து சுருண்டால் சிலந்திப்பூச்சி, மேல்பக்கமாகப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். படகு போலத்தான் சுருண்டிருந்தது. கொழுந்தை உள்ளங்கைக்கு மேலே வளைத்து ஒரு தட்டுத் தட்டினாள். நூலைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்ட மாதிரி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், பூச்சிகள் ரேகைகளின் மேல் ஓடின. இலைப்பேன்தான். வேப்பெண்ணெய் அடித்தால் போய்விடும். இலைப்பேனை யாரும் ஏவிவிட முடியாது, அது காற்றில் வரும். அவள் உள்ளங்கையை ஊதிவிட்டாள். ஊதிய பிறகு அங்கே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத கையைப் பார்த்துவிட்டு, அந்த மல்லிகைத் தண்ணீரால்தான் இப்படி ஆகியிருக்கிறது என்று மறுபடியும் ஆரம்பித்தாள். அப்படி நினைப்பதில் ஒரு சுகம் இருந்தது. பல் வலிக்கிற இடத்தை நாக்கு போய்ப் போய்த் தொடுவது மாதிரி. இதே மாதிரிதானே ஹேமாவும் நினைத்திருப்பாள்? குழந்தைக்கு வந்தது வெறும் ஜுரம்தான் என்று யாராவது சொல்லியிருந்தால் அவளும் ஊதிவிட்டிருப்பாள். இந்த எண்ணம் வந்த வேகத்திலேயே அதையும் ஊதிவிட்டாள். அவளும் நானும் ஒன்றா? நான் யாருடைய படத்தையாவது எடுத்து ஊருக்குக் காட்டினேனா?

மிளகாய் வேண்டும் என்று முதலில் கேட்டது ஹேமாதான். மாடிப்படியில் நின்றுகொண்டு, குழந்தை வெண்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அக்கா, அந்தக் குட்டி மொளகா காய்ச்சா எனக்குக் கொஞ்சம் குடுங்க, எலுமிச்சங்கா ஊறுகாய் போடணும்" என்றாள். "ஒண்ணு கடிச்சா நீ ரெண்டு நாளைக்கு அழுவ" என்று இவள் சொன்னதற்கு, "எங்க வீட்டுக்காரருக்குத்தான்க்கா, அழட்டும்" என்று சிரித்தாள். அப்போது செடியில் பூதான் இருந்தது. பூ பிஞ்சாகி, பிஞ்சு பச்சையாகி, பச்சை சிவப்பாகிற வரைக்கும் தங்கபுஷ்பம் அந்தப் பேச்சை மறக்கவில்லை. முதல் பறிப்பை வீட்டுக்குக்கூட எடுக்காமல் அவளுக்கென்று ஒதுக்கினாள். ஊறுகாய்தானே என்று இரண்டு எலுமிச்சம்பழம் சேர்த்தாள். ஊறுகாய்தானே என்று ஒரு பிடி கல்லுப்பும் ஒரு சின்னப் பொட்டலமாகக் கட்டினாள். எல்லாவற்றையும் வாழையிலைத் துண்டில் வைத்துக் கீழே இறங்கினாள். கதவு சாத்தியிருந்தது. குழந்தைக்கு ஜுரம் என்று காலையில் கேள்விப்பட்டிருந்தாள், தூங்கும், மணி அடித்தால் எழுந்துவிடும். அதோடு உப்பையும் மிளகாயையும் ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்குத் தரக் கூடாது. தந்தால் சண்டை வரும். ஒரு தடவை மதினிக்கு உப்பைக் கையோடு கையாகக் கொடுத்துவிட்டு, அன்றைக்குச் சாயங்காலமே மீன்குழம்பை முன்னிட்டுப் பெரிய சண்டை வந்து, அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போக முடியாமல் ஆகிவிட்டது. சண்டை உப்பால் வந்ததா குழம்பால் வந்ததா என்று யாருக்குத் தெரியும்? வம்பு எதற்கு? கீழே வைக்க வேண்டும், அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் முறை. ஹேமாவோடு சண்டை வரக் கூடாது என்றுதான் அவள் வாசலில் வைத்தாள். சிவந்த மிளகாய், எலுமிச்சம்பழம், உப்பு, வாழையிலை. வைத்துவிட்டு மேலே வந்து, ஊறுகாய் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு சோறு சாப்பிட்டாள். அது அவளுக்கு ஊறுகாயாகவே தெரிந்தது. வேறு எதுவாகவும் தெரியவில்லை. கதவில் பால் பை தொங்கியதே, அதற்குள் போட்டிருந்தால்? பை ஈரமாக இருந்தது, மிளகாய் அழுகிவிடும் என்று தோன்றியது. ஒரு ஈரப் பை. அந்தப் பை காய்ந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கயிற்றில் இந்தத் துணி இல்லை.

அன்றைக்கு மத்தியானம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் படம் வந்தது. மேலேயிருந்து எடுத்த படம், மிளகாயெல்லாம் ரத்தம் மாதிரி. "எங்க வாசல்ல இத யாரோ வச்சிருக்காங்க. குழந்தைக்கு ஜுரம் விட மாட்டேங்குது. யாரா இருந்தாலும் நல்லா இருங்க" என்று ஹேமா எழுதியிருந்தாள். அந்த 'நல்லா இருங்க'வைத் தங்கபுஷ்பம் இன்னும் விழுங்கி முடிக்கவில்லை. முதல் மாடிக்காரர், கேமரா போடணும்னு நான் அப்பவே சொன்னேன் என்றார். கையால தொடாதீங்க சிஸ்டர், துடைப்பத்தால தள்ளுங்க என்றாள் ஒருத்தி. இன்னைக்கு அமாவாசை வேற என்றாள் இன்னொருத்தி. அன்றைக்கு அமாவாசை என்பதே தங்கபுஷ்பத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. யாரும் அவள் பேரைச் சொல்லவில்லை. இந்தக் கட்டடத்தில் காந்தாரி யார் வீட்டில் இருக்கிறது என்று தெரியாதவர்களும் யாரும் இல்லை. அவள் வீட்டுக்காரர் சுயம்பு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏட்டி, நாந்தான் வச்சேன்னு ஒரு வார்த்த போட்டுரு, தீந்துது." "வச்சேன்னா?" "பின்ன? வச்சதுதானே?" அங்கேதான் அவள் நின்றுபோனாள். வச்சேன். அந்தக் குரூப்பில் இருக்கிற ஒவ்வொருத்தரும் அந்த வார்த்தையை எப்படிப் படிப்பார்கள்? வச்சிட்டாங்க என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சட்டியை அடுப்பில் வைக்கிறோம், பிள்ளைக்குப் பேர் வைக்கிறோம், வாசலில் வைத்தால் மட்டும் அது சூனியம். வேறு வார்த்தை தேடினாள். கொடுத்தேன் என்று எழுதினாள். கொடுக்கவில்லையே, கொடுக்கக் கூடாது என்றுதானே இத்தனையும், அழித்தாள். போட்டேன் என்று எழுதினாள். குப்பையா? அழித்தாள். விட்டுட்டு வந்தேன் என்று எழுதினாள். அது இன்னும் மோசம், எதையோ ஏவி விட்ட மாதிரி. "ஊறுகாய்க்கு வச்சேன்னு சேத்துப் போடு" என்றார் சுயம்பு. அப்போது அதுவும் ஒரு சால்ஜாப்பு மாதிரி இருந்தது. அழித்து அழித்து விரல் ஓய்ந்தபோது குரூப்பில் பேச்சு தண்ணீர் லாரிக்குப் போய்விட்டது. பேசாமல் இருந்தவள் செய்தவள் ஆகிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஹேமா வீட்டு வாசலில் ஒரு ஆகாசகருடன் கிழங்கு தொங்குகிறது. மஞ்சள் பூசி, கறுப்புக் கயிற்றில் கட்டி. யாராவது கெடுதல் செய்தால் அது வாடிவிடும் என்று சொல்வார்கள். மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் அந்தக் கிழங்கிலிருந்து ஒரு கொடி கிளம்பி, இலை விட்டு, மின்சாரப் பெட்டியைப் பிடிக்கப் போகிறது. படி இறங்கும்போதெல்லாம் தங்கபுஷ்பம் அதைப் பார்க்கிறாள். வாடியிருந்தால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. வாடாமல் செழிப்பதைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. தான் மோரும் சாணமும் மணலும் என்று ஓடி ஓடிக் காப்பாற்றுகிற செடிக்கு இலைப்பேன் வருகிறது, தனக்கு எதிராகக் கட்டித் தொங்கவிட்ட கிழங்கு சும்மா கிடந்து துளிர்க்கிறது. அவளுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். மன்னிப்புக்கூட வேண்டாம். ஒரே ஒரு தடவை, மாடிப்படியிலோ இங்கேயோ, ஹேமா அவள் முகத்தைப் பார்த்து, ஏன் என்று கேட்டால் போதும். பதில் தயாராக இருக்கிறது. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பாட்டு மாதிரி மனப்பாடம் ஆகிவிட்டது. நீதானே ஊறுகாய் போடணும்னு கேட்ட? கையில தந்தா சண்டை வரும்னு கீழ வச்சேன். பிள்ள தூங்குதேன்னு மணி அடிக்கல. வேற ஒண்ணும் இல்ல. இவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டால் தன் பேர் தனக்குத் திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் கேட்காத கேள்விக்குப் போய்ப் பதில் சொன்னால் அது வாக்குமூலம் ஆகிவிடும். கேட்க வேண்டும். அவள் கேட்கமாட்டாள். கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டு, கயிறு மாற்றித் துணி போடுகிறாள்.

பறிக்க ஆரம்பித்தாள். காம்போடு சேர்த்துக் கிள்ளினால்தான் காந்தாரி கெடாமல் இருக்கும். பழுத்தது காம்பை விட்டு எளிதாக வந்துவிடும், பச்சை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிக்கும்போது நகம் பட்டுக் காய் கிழிந்தால் விரலெல்லாம் சாறு. கத்திரிக்கோல் வைத்துக்கொள்ளலாம், அவள் வைத்துக்கொள்வதில்லை. விரல் நுனியில் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு சுருக்கென்று ஒரு சூடு ஏறும், கழுவினாலும் போகாது, எண்ணெய் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். தெரியாமல் கண்ணைத் தொட்டுவிட்டால் தொலைந்தது. காற்று வந்தது. நீலத் துண்டு எழும்பி அவள் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, அங்கேயே இருந்திருக்க வேண்டும், துண்டு தட்டியதும் எழுந்துகொண்டது. குழந்தையின் சட்டை வேண்டாம். சீ. தலையணை உறையும் வேண்டாம், அதில் யார் தலை வைப்பார்களோ. துண்டு பெரியவர்களுடையது. ஹேமா முகம் கழுவிவிட்டு இதைத்தான் தோளில் போட்டுக்கொண்டு பால்கனியில் நிற்பாள், பார்த்திருக்கிறாள். ஒரு துடைப்பு. கன்னம் எரியும், கண் எரியும், ராத்திரி முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருப்பாள், ஏன் எரிகிறது என்று தெரியாது. தெரிந்தால்? தெரியட்டும். செய்யாததற்குப் பட்டாயிற்று, செய்துவிட்டுப் பட்டால் என்ன? செய்தால் அவர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடுமே. ஏற்கெனவே சரிதான், அவர்களுக்கு. எனக்கு? இந்தக் கேள்வி ஒரு இடத்தில் போய் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. அதற்குள் கை பழுத்த மிளகாய் நாலைந்தைப் பிடிக்குள் வைத்து நசுக்கியிருந்தது. இவ்வளவு லேசாக நசுங்கும் என்று அவள் நினைக்கவில்லை. கதவுப் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. துண்டின் நடுவை எடுத்துக் கையைத் துடைத்தாள், சமையலறையில் கை துடைக்கிற மாதிரி, சாதாரணமாக, முன்னும் பின்னும். பிறகு அதை உதறி, இருந்த மாதிரியே மடிப்பை நேராக்கிவிட்டாள். கொஞ்ச நேரத்துக்கு மனசில் ஒன்றுமே இல்லை, இத்தனை வாரத்தில் முதல் தடவையாக. அந்த வெறுமை நன்றாக இருந்தது. பிறகு உள்ளங்கை எரிய ஆரம்பித்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஹேமா, ஒரு கையில் பிளாஸ்டிக் கூடை, இடுப்பில் வெண்பா. குழந்தைக்குச் சளி பிடித்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. ஹேமா இவளைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதை நன்றாகத் தெரிகிற மாதிரி செய்தாள். "அம்மா, மூக்கு" என்றது குழந்தை. "இரும்மா, இரு" என்று சொல்லிக்கொண்டே, கூடையைக் கீழே போட்டுவிட்டு, கைக்கு எட்டியதை இழுத்தாள். நீலத் துண்டு.

"அத எடுக்காத" என்றாள் தங்கபுஷ்பம்.

ஹேமா திரும்பவில்லை. "கயிறு எல்லாருக்கும் பொதுதான்."

"கயிற யாரு கேட்டா? அந்தத் துண்டால பிள்ளைக்குத் தொடைக்காத."

"என் துண்டு. என் பிள்ளை. நீங்க உங்க செடியப் பாருங்க."

துண்டு குழந்தையின் மூக்குக்குப் போனது. தங்கபுஷ்பம் வாளிகளைத் தாண்டிப் போய் அதன் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். ஒரு வாளி சாய்ந்து மண் கொட்டியது. இரண்டு பேரும் ஒரு துண்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்பதைக் குழந்தை வேடிக்கை பார்த்தது.

"விடுங்க."

"மொளகா இருக்கு அதுல."

"என்னா?"

"மொளகாச் சாறு இருக்கு. நாந்தான் தேச்சேன். இப்பத்தான் தேச்சேன்."

ஹேமா குழந்தையை இறக்கித் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினாள். துண்டை விரித்துப் பார்த்தாள். நடுவில் செம்மஞ்சளாக ஒரு தீற்றல், அதில் ஒட்டியிருந்த இரண்டு மூன்று விதைகள். நம்பாதவள் மாதிரி முகர்ந்து பார்த்தாள். இருமல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கக் கையைத் தூக்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"நான் உங்க பேர எங்கயும் சொல்லல" என்றாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "மத்தவங்கதான் நேர்ல வந்து சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரு மேல வந்து கேக்கறேன்னு நின்னாரு. நாந்தான் தடுத்தேன். அவங்களா இருக்காது, அவங்க செடியிலேர்ந்து யாராவது பறிச்சிருப்பாங்கன்னு சண்ட போட்டேன். கிழங்கு கட்டினது மாமியாரு. கட்டட்டும்னு விட்டேன். உங்கள வந்து கேக்கணும்னு இருந்தேன், கேட்டா தப்பா எடுத்துப்பீங்களோன்னு கேக்கல. துணியக்கூட இந்தப் பக்கம் எதுக்குப் போடறேன்? நீங்க வருவீங்க, ஒரு வார்த்த பேசலாம்னு." அவள் மூச்சு வாங்கினாள். "ஏன்க்கா?"

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். மனப்பாடம் செய்த வரிகள் வரிசை மாறாமல் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. நீதானே ஊறுகாய் போடணும்னு கேட்ட? கையில தந்தா சண்டை வரும்னு. பிள்ள தூங்குதேன்னு. ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொன்றும் அந்த வாசலுக்கு உரிய பதில். இந்தத் துண்டைப் பற்றி அவற்றில் ஒரு சொல் இல்லை. இனிமேல் அந்த வாசலைப் பற்றிச் சொன்னாலும் யார் நம்புவார்கள், இந்தத் துண்டைப் பார்த்த பிறகு? சாய்ந்த வாளியிலிருந்து மண் அவள் காலடிக்குச் சரிந்துகொண்டிருந்தது. வேர் தெரிந்தது. குனிந்து நிமிர்த்த வேண்டும் என்று கை சொன்னது, அவள் குனியவில்லை. உள்ளங்கை நெருப்பாக எரிந்தது. துண்டை முகத்திலிருந்து தள்ளி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கேட்டதற்குப் பதில் வாங்காமல் போகமாட்டேன் என்கிற மாதிரி, ஹேமா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.